மேரி தடவிப் பார்த்த பேசின்

வலது தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. சாம்சன் பல்லைக் கடித்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். கால்மாட்டில் மகன் ராபினும் பிளம்பர் ஜோசப்பும். வாசல் நிலையில் பெட்டியின் ஓரம் இடித்துக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கண்ணாடிக்குள் மனைவி மேரியின் தலை லேசாக ஆடி நின்றது.

“மாமா, நீ உடு. அந்தத் தோள வச்சிக்கினு இன்னாத்துக்கு வம்பு?” என்றான் ஜோசப்.

“நான் புட்ச்சிக்கினுதான் கீறேன். நீ மொதல்ல சாய்க்காம தூக்கு. உள்ள ஆள் கீது.”

ஒருவழியாகப் பெட்டியைச் சாய்க்காமல் வெளியே கொண்டுவந்து பந்தலுக்குக் கீழே பெஞ்சின்மேல் வைத்தார்கள். ராபின் ஒயரை இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தான். பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. சாம்சன் இடது கையால் வலது தோளைப் பிசைந்துகொண்டே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்து பாம்பு மாதிரி சீறிவரும் கம்பியைக் குறட்டால் கவ்வி, திருப்பி, அடுத்த உருளைக்குள் விடுகிற வேலை. அந்த வேலை போய் வருடங்கள் ஆகிவிட்டன. வலி மட்டும் ரிடையர் ஆகவில்லை.

நேற்று மத்தியானம் மேரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று கொடிக்குக் கீழேயே உட்கார்ந்தாள். ஆட்டோவில் ஏற்றி, பொன்னேரி ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழையும்போது அவர் தோளில்தான் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றே அவர் நினைத்தார்.

பந்தலில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மேரியோடு வேலை செய்த செண்பகம். நைட் ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். ஹவுஸ்கீப்பிங் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்திருந்தாள். அழுது முடித்த முகம். மறுபடி அழுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற முகம்.

அப்போதுதான் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. மினி ஆட்டோ ஒன்று ரிவர்ஸில் வந்து பந்தல் கழி மேல் இடிக்காமல் நின்றது. டிரைவர் இறங்கி, கையில் பில்லோடு இரண்டு எட்டு வைத்த பிறகுதான் பெட்டியைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“ஐயோ... சாவு ஊடா? தெரியாம வந்துட்டேன்பா. சாம்சன்றது யாரு?”

“நான்தான்.”

“கவரப்பேட்டை குணா கடையிலேர்ந்து வாஷ்பேசின். இன்னிக்கி காலைல எறக்கணும்னு சொல்லிக்கீறாங்க. இப்ப இன்னா பண்றது? திரும்ப எட்த்துனு போலாம்னா பெரியபாளையம் பக்கம் இன்னும் லோடு எறக்கணும். உள்ளயே கெடந்து ஆடி ஒடஞ்சாலும் ஒடஞ்சிரும்.”

ராபின் திரும்பி அப்பாவைப் பார்த்தான். “பேசினா? இன்னிக்கா ப்பா?”

இந்த வாரமே வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று குணாவிடம் நச்சரித்தவர் சாம்சன்தான்.

“எறக்குப்பா,” என்றார்.

“எறக்குறேன். ஆனா பிரிச்சிப் பாத்துக்கோங்க. அப்புறம் கீறல் கீது, ஒடஞ்சி கீதுன்னு என் தலைல கட்டக்கூடாது.”

அட்டைப்பெட்டியைப் பந்தலுக்குப் பின்னால், ஜெபமாலைக்காரர்கள் முதுகுப் பக்கம் இறக்கினார்கள். ஜோசப் சாவியால் டேப்பைக் கிழித்தான். தெர்மோகோலை எடுத்துப் போட்டான். உள்ளேயிருந்து நீல நிறத்தில் ஒரு பெரிய கிண்ணம் எழுந்தது. சுற்றிலும் இதழ் இதழாக விரிந்து, தாமரைப் பூ மாதிரி. ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் தங்கக் கோடு. வெயில் பட்டு மின்னியது.

ஜெபமாலை ஒரு மணியில் தடுக்கி நின்றது. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

“இன்னாடி இது, பூஜாடியா?”

“கை கழுவறதாம்.”

“இதுலயா? இதுல கொழம்பு ஊத்தி வக்கலாம் போலகீது.”

யாரோ சிரித்து, சாவு வீடு என்பது நினைவு வந்து, அதை இருமலாக மாற்றினார்கள். டிரைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்த வழியே போனான்.

செண்பகம் எழுந்து வந்தாள். குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“ண்ணா, இத்த மேரிக்கா எடுக்கலியே.”

சாம்சன் தோளைப் பிசைவதை நிறுத்தினார்.

மேரி இதை எடுக்கவில்லை. மாற்றியது அவர்.

பின்கட்டில் பாத்ரூம் கட்டுவது என்று முடிவானதும் மேரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். டைல்ஸ் கலரை ராபின் பார்த்துக்கொள்ளட்டும். கதவை மருமகள் சோனியா பார்த்துக்கொள்ளட்டும். “பேசின் மட்டும் நான் பாத்து எடுப்பேன்.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்யாணமான புதிதில் மில்லுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தபோது பேசினும் கிடையாது, குழாயும் கிடையாது. ஷிப்ட் முடிந்து முழங்கை வரை கருப்போடு வருவார். மேரி வாசலில் ஒரு குடம் தண்ணீரோடு நிற்பாள். சொம்பில் மொண்டு ஊற்ற ஊற்ற அவர் தேங்காய் நாரும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்ப்பார். “இங்க பாரு, இன்னும் போவல” என்று அவளே கையைப் பிடித்து விரல் இடுக்கில் தேய்த்துவிடுவாள். அன்றைக்கு மில்லில் யாருக்குக் கால் சுட்டது, பக்கத்து வீட்டுக்காரி என்ன சண்டை போட்டாள், கறி எடுக்கலாமா வேண்டாமா, எல்லாப் பேச்சும் அந்தக் குடம் தீர்வதற்குள்தான். குடம் தீர்ந்தால் அவர் படுத்துவிடுவார். சில நாள் பேச்சு மீதி இருக்கிறது என்று அவள் இன்னொரு குடம் கொண்டுவருவாள். கை எப்போதோ வெளுத்திருக்கும். இருந்தாலும் தேய்ப்பார்.

பிறகு சொந்தமாக வீடு கட்டி, கிணற்றடிக்குப் பக்கத்தில் மொசைக்கில் ஒரு தொட்டி வைத்தார்கள். கிரீஸும் கரியும் அதில் படிந்து, மேரி தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தாள். அவள் படுகிற பாட்டைப் பார்த்துச் சாம்சன் மில்லில் கம்பியின் துருவை எடுக்கிற ஆசிட்டை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரம் பார்த்து மொத்தத்தையும் ஊற்றினார். சொர்ரென்று நுரைத்துப் புகைந்தது. கழுவிவிட்டுப் பார்த்தால் தொட்டி வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு நாள்தான். மொசைக்கின் மேல்பூச்சு மொத்தமும் போய், மணல் தாள் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. அதற்கப்புறம் தண்ணீர் பட்டாலே கறை பிடித்தது.

“தோல உரிச்சிட்டியே, யோவ்,” என்றாள் மேரி. “இனிமே அழுக்கு சதையிலல்ல ஒட்டும்.”

அன்றைக்கு அவள் வயிறு நோகச் சிரித்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்தத் தொட்டியைக் கடைசிவரை தேய்த்தவளும் அவள்தான். கம்பெனியில் பகலெல்லாம் பேசின் கழுவிவிட்டு வந்து, இங்கேயும் ஒன்றைக் கழுவினாள்.

போன வாரம் குணா கடைக்கு இரண்டு பேரும் டி.வி.எஸ்.ஸில் போனார்கள். மேரி ஒவ்வொரு பேசினுக்கும் அடியில் கைவிட்டுத் தடவினாள். விளிம்பை விரலால் உருவினாள். சுவரோடு சேருகிற இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தாள். மாடு பிடிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கிறதே என்று குணா கேலி செய்தான். கடைசியில் சுவரில் மாட்டியிருந்த ஒரு வெள்ளைப் பேசினைத் தட்டினாள். அரை வட்டம். பூ இல்லை, கோடு இல்லை, அடியில் தூண் இல்லை. ஒரே வார்ப்பு.

“இது போதும்.”

ஆனால் அதற்கு முன்னால் அவள் அந்த நீலத் தாமரைக்கு எதிரே வெகுநேரம் நின்றதைச் சாம்சன் பார்த்திருந்தார். இதழ் இதழாகத் தொட்டாள். வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். அவர் கேட்டார், “இது வேணுமா?”

“வேணாம்.”

மேரி வேணாம் என்றால் அதற்குள் ஒரு வேணும் இருக்கும் என்பது சாம்சனின் நம்பிக்கை. மில்லில் எல்லோருக்கும் அதே நம்பிக்கைதான். பொம்பளைங்க காசைப் பார்த்து வேணாம்னு சொல்லுவாங்க, ஆம்பளைதான் புரிஞ்சுக்கணும் என்பார்கள். ராபின் கல்யாணத்துக்கு மேரி நூல் புடவை போதும் என்றாள். அவர் போய் ஜரிகை போட்ட கனத்த பட்டு எடுத்துவந்தார். அவள் அன்றைக்கு ஒரு நாள் உடுத்தி, வேர்த்து விறுவிறுத்து, மடித்து வைத்தாள். பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று அவருக்குப் பெருமை.

மறுநாள் அவர் தனியாகக் கடைக்குப் போனார். “அந்தப் பூவையே அனுப்பு. அவகிட்ட மூச்சு உடாத.”

“அம்மா திட்டும் நைனா,” என்றான் குணா.

“திட்டட்டுமே. உள்ளுக்குள்ள சிரிப்பா.”

இப்போது செண்பகம் அந்தக் கிண்ணத்தின் இதழ் இடுக்கில் விரலை வைத்துக்கொண்டு பேசினாள். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை. செத்தவளைப் பற்றிப் பேச ஒன்று கிடைத்த குரல்.

“எங்க ஆபீஸருங்க பாத்ரூம்ல இதே மாதிரி ஒண்ணு கீது ண்ணா. பலகை மேல சட்டிய குந்த வச்சா மாதிரி. சட்டிக்கும் பலகைக்கும் நடுவுல சந்து. அதுல கருப்பா, கொழகொழன்னு ஊறிக்கினே கெடக்கும். மேரிக்கா பழைய பல்லு பிரஷ்ஷால தோண்டும். இடுப்பு உட்டுப் போவும். போன வாரம் பூரா எங்ககிட்ட பேசினு கதைதான். ‘பூ மாதிரி ஒண்ணு வச்சிக்கீறான்டி அந்தக் கடையில. ஒவ்வொரு எதழுக்கும் ஒரு பிரஷ்ஷு வோணும். எவ தலைல எழுதிக்கீதோ’ன்னு சொல்லி ஒரே சிரிப்பு. ‘நான் எட்த்தேன் பாரு, ஒரு தபா துணி வச்சி இழுத்தா முடிஞ்சிது. இனிமே ஊட்டுலயாச்சும் குனிய மாட்டேன்’னு...”

செண்பகம் புடவை முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள்.

கடையில் அந்தச் சிரிப்பு அதற்காகத்தான். சாம்சன் தலையைக் குனிந்துகொண்டார். காசுக்காக இல்லை. அவருக்காக விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவளுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். வேண்டாம் என்றுதான் வாயைத் திறந்து சொல்லியிருந்தாள். அந்தப் பட்டுப் புடவை, அதற்கு முன்னால் கால் கொலுசு, அதற்கும் முன்னால் என்னென்னவோ. எத்தனை முறை சொன்னாளோ.

“சரி, இருக்கட்டும்,” என்றான் ராபின், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “பாக்க நல்லாத்தான கீது. இப்ப போயி இத்த பேசிக்கினு. ஜோசப்பு, உள்ள எட்த்துனு போய் வை.”

ஜோசப் தூக்கிக்கொண்டு போனான். சாம்சனும் எழுந்து பின்னாலேயே போனார். புது பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டி முடிந்திருந்தது. சுவரில் பேசினுக்கு விட்ட பைப்பின் வாய் அடைத்திருந்தது. ஜோசப் பேசினை மூலையில் வைத்துவிட்டு வெளியே போனான். மருமகள் சோனியா வாளி எடுக்க வந்தவள் அவரைப் பார்த்துத் தயங்கினாள். அழுது அழுது அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது.

“நாஷ்டா சாப்புடல நீங்க. ரெண்டு இட்லியாச்சும் வாயில போடுங்க மாமா.”

“இது உனக்கு வோணுமா?” என்றார், மூலையைக் காட்டி.

சோனியா அந்த நீலத்தைப் பார்த்தாள். “பரவால்ல மாமா. நான் கழுவிக்கிறேன்.”

“கழுவுவியான்னு கேக்கல. வோணுமா வோணாமா?”

“இன்னிக்கிப் போயி இதெல்லாம்...”

“இன்னிக்கித்தான் கேக்குறேன். சொல்லு.”

வெளியே ஜெபமாலை மறுபடி தொடங்கியது. அருள் நிறைந்த மரியே என்று ஒருத்தி இழுக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சோனியா வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“வேணாம் மாமா.”

சாம்சன் தலையாட்டினார். அந்த வார்த்தைக்குள் கைவிட்டு அவர் எதையும் தேடவில்லை.

மூன்று மணிக்கு ஃபாதர் வந்தார். பெட்டியைத் திறந்து மேரியை எடுத்துச் சவப்பெட்டியில் வைக்கும்போது சாம்சனை ஒதுங்கச் சொன்னார்கள். அவர் ஒதுங்கவில்லை. தலைப்பக்கத்தை அவரே பிடித்தார். தோள் இழுத்தது. ஐஸில் கிடந்து மேரியின் தலை கனத்துக் குளிர்ந்திருந்தது. செண்பகம் வந்து மேரியின் விரல்களை எடுத்து ஜெபமாலையைச் சுற்றிவிட்டாள். ஆசிட்டிலும் பினாயிலிலும் ஊறி வெடித்த விரல்கள். “கை மட்டும் கெழவி கை. மொகத்தப் பாரு, பொண்ணு கெணக்கா கீது,” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

கல்லறைத் தோட்டம் ஜி.என்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோட்டைக் கடக்கும்போது கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வழிவிட்டன. குழிக்குள் இறக்கி, கயிற்றை உருவி எடுத்தார்கள். ஃபாதர் ஜெபித்தார். சாம்சன் குனிந்து மண்ணை அள்ளினார். ஒரு கைப்பிடி போதும் என்றார்கள். அவர் இன்னொரு கைப்பிடி போட்டார். பிறகு மண்வெட்டிக்காரன் வேலையைத் தொடங்கினான்.

திரும்பி வருகிற வேன் கவரைப்பேட்டை ஸ்டேஷன் தாண்டியதும் சாம்சன் டிரைவர் சீட்டைத் தட்டினார்.

“நிறுத்துப்பா.”

“இன்னா ப்பா, இங்க இன்னா?” என்றான் ராபின். “ஊட்டுக்குப் போயி குளிக்கணும். சொந்தக்காரங்கல்லாம் காத்துக்கினு கீறாங்க.”

“நீங்க போங்க. நான் ஆட்டோ புட்ச்சி வரேன்.”

“ப்பா...”

“போடா. வரேன்.”

வேன் போன பிறகு ரோட்டோரமாக நடந்தார். குணா கடையில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. குழாய்களும் கண்ணாடிகளும் பளபளத்தன. குணா மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன், அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தான்.

“வா நைனா! வண்டி இன்னும் திரும்பல, பேசின் வந்துச்சா? அம்மா பாத்துச்சா? இன்னா சொல்லிச்சி?”

சாம்சன் படிக்குக் கீழேயே நின்றார்.

“திட்டிச்சா?” குணா சிரித்தான். “நான்தான் அன்னிக்கே சொன்னேனே.”

“அவ எடுத்ததையே குடு குணா. அந்தப் பூவ எடுத்துக்கோ. பிரிச்சதோட சரி, தண்ணி படல.”

“அய்ய, அது போச்சே நைனா. நீ வோணாம்னு சொன்ன மறுநாளே ஆரம்பாக்கம் பார்ட்டி ஒண்ணு தூக்கினு போய்ட்டான். அந்த மாடல் அது ஒண்ணுதான் கெடந்துச்சி. இப்பல்லாம் அத்த யாரும் கேக்குறதே கெடியாது, கம்பெனிக்காரனும் அனுப்பறதில்ல. சொல்லி வச்சிப் பாக்குறேன். அதுக்குள்ள வேற நல்லதா பத்து கீது. அம்மாவ நாளைக்கிக் கூட்டினு வா, தடவிப் பாத்து எடுக்கட்டும்.” அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். “உள்ள வா நைனா. ஏன் வெளியவே நிக்கிற?”

“குளிக்கல.”

“அட, குளிக்கலன்னா இன்னா...”

குணா பாதியில் நிறுத்தினான். அவர் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த ரோஜா இதழைப் பார்த்தான். நகக்கண்ணில் இருந்த சிவப்பு மண்ணைப் பார்த்தான். கையில் இருந்த டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே தரையில் வைத்தான்.

“எப்ப நைனா?”

“நேத்து.”

ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று அதிர்ந்துகொண்டு போனது. கடையில் மாட்டியிருந்த பேசின்கள் எல்லாம் சன்னமாகக் கிணுகிணுத்து அடங்கின.

“சொல்லி வை,” என்றார் சாம்சன். “எப்ப வந்தாலும் சரி. அதே மாதிரி. பூ கீ எதுவும் இல்லாம.”

குணா தலையை ஆட்டினான்.

அவர் உடனே போகவில்லை. படிக்குக் கீழே நின்றபடியே உள்சுவரைப் பார்த்தார். அவள் தட்டிப் பார்த்து இது போதும் என்று சொன்ன இடத்தில் இப்போது இரண்டு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, தூசி படியாமல், அரை வட்டமாக வெளுத்த சுவர்.

மேரிக்கு ஒரு வெள்ளைப் பேசின் பாக்கி.